இரண்டு விரல் இடைவெளி

காலை பத்து நாற்பதுக்கு வண்டி வாசலை விட்டு நகர்ந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று முந்தின நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் மாமனார். ஐந்து மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறரைக்கு எழுந்து சவரம் செய்தார். ஏழு மணிக்குக் கணவன் வண்டியைக் கழுவத் தொடங்கினான். கழுவ ஒரு மணி நேரம். துடைக்க அரை மணி நேரம். டயருக்குக் கறுப்பு மெருகு பூச இன்னொரு அரை மணி நேரம். அதன் பிறகு, கட்டைக்காரன் வரப்போவதில்லை என்று மூவருக்கும் புரிய மேலும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவனுக்குப் போன் செய்து கேட்க இரண்டு ஆண்களுக்கும் கௌரவம் இடம் தரவில்லை.

டிரெய்லர் இழுக்கும் வண்டி மேட்டில் நின்றால், அது பின்னால் உருளாமல் இருக்க ஒருவன் குதித்து இறங்கி டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை செருக வேண்டும். அதுதான் கட்டைக்காரனின் வேலை. போன வாரம் மாமனார் அவனை உள்ளே உட்காரக் கூடாது என்றார். பின்சீட் முழுக்கக் காலியாக இருந்தது. "ஏசியில வேர்வை நாத்தம் சுத்திக்கிட்டே இருக்கும்" என்றார். அவன் பின்தொட்டியில் வெயிலில் உட்கார்ந்து வந்தான். சாயங்காலம் இறங்கிப் போனவன் திரும்பவில்லை.

"நீ வா" என்றான் கணவன்.

அவள் அடுப்பை அணைத்தாள். அவித்த முட்டை, ரொட்டி, உப்பு தடவிய வெள்ளரித் துண்டுகள், குடிக்கத் தண்ணீர் இரண்டு பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். வாசலுக்கு வந்து நின்றாள்.

"நான் எங்க உக்காரணும்?"

"இதென்ன கேள்வி. உள்ளதான்."

"வேர்வை நாறாதா?"

கணவன் ஓட்டும் சீட்டில் ஏறிக்கொண்டான். மாமனார் காது கேட்காதவர் போலத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

தெருவில் அவருக்குப் பெயரே தொப்பிதான். ஒரு கம்பெனி முதலாளியின் காரை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. சமதளம், நல்ல ரோடு, பின்சீட்டில் ஒரே ஆள். ஓய்வு பெறும் நாளில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தொப்பியை இன்னும் கழற்றவில்லை. அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு மூட்டை சுமையைக்கூட இழுத்ததில்லை. சுமை இழுப்பது பற்றி அவர் பேசாத நாள் இல்லை.

மகனுக்குத் தெரு வைத்த பெயர் சோப்பு. காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி அப்படி மின்னும். நான்கு கதவு வைத்த பெரிய டீசல் பிக்கப். முன்பக்கக் கம்பி வலையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஒவ்வொரு சாயங்காலமும் அழுத்தக் குழாயை முன்னால் நின்று பிடித்து, அந்த வலைக்குள் தண்ணீரை அடிப்பான். அழுக்கு உள்ளே போகப் போக வெளியே பளபளப்பு கூடும். போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவன் அதற்காகவே கொஞ்சம் நேரம் கூட்டிக் கழுவுவான்.

அந்த வீட்டில் மூன்று பேர். சம்பாதிப்பது மூவரில் ஒருவரும் இல்லை, வண்டிதான். அதன் என்ஜினுடைய மேல்பாகமான ஹெட் ஏற்கெனவே இரண்டு முறை சூட்டில் வளைந்து, லேத்தில் கொடுத்துச் சீவி மாட்டியது. இரண்டு முறையும் ஓட்டியவர் மாமனார். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தும் வீடு வந்து சேரட்டும் என்று ஓட்டினார். இரண்டாவது முறை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இனிமே சீவறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை கொதிச்சுதுன்னா இங்க கொண்டு வராதீங்க. நேரா இரும்புக்கடைக்கு இழுத்துட்டுப் போங்க."

"அவனுக்கு வேலை தெரியல" என்றார் மாமனார் வீட்டுக்கு வந்து.

இப்போது பின்னால் இருந்த டிரெய்லரில் பாறை குடையும் கம்ப்ரஸர் ஒன்று நின்றது. மூன்று டன்னுக்கு மேல். மேட்டுக்கு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை வெட்டுகிறார்கள். அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

சமதளத்தில் ஒன்றும் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் காய்ந்த நிலம். தூரத்தில் தார் தண்ணீர் போல நெளிந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசி முழு வேகத்தில் ஓடியது. மாமனார் முன்சீட்டில் கால் மேல் கால் போட்டு, காற்று வரும் துவாரத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்.

"சுமை இழுக்கறதுன்னா என்ன தெரியுமா?" என்றார். "மிதிச்சுக்கிட்டே போகணும். விடக் கூடாது. விட்டா வண்டி நம்மள ஏறி மிதிக்கும்."

"சரிப்பா."

"டாப் கியர்லயே போ. டீசல் மிச்சம்."

"சரிப்பா."

"அந்தக் காலத்துல எங்க முதலாளி சொல்லுவாரு. நீ ஓட்டினா எனக்குத் தூக்கம் வருதுய்யான்னு."

பின்சீட்டிலிருந்து அவள் சொன்னாள்: "எனக்கும் வருது மாமா."

கணவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்தாள்.

அவளுடைய அப்பா ரேடியேட்டர் கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரம் வேய்ந்த ஒற்றை அறை. கழற்றிய ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே சுண்ணக்கட்டியால் குறி போட்டு, ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். குமிழி பார்ப்பது பத்து வயதிலிருந்து அவள் வேலை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் செய்தாள். கடைக்கு வந்த வண்டிகளை நகர்த்தி நகர்த்தி லாரி வரைக்கும் ஓட்டக் கற்றாள். லைசென்ஸும் எடுத்தாள். மாமனாருக்கு அவள் அப்பாவின் தொழிலைக் குறிப்பிட ஒரே சொற்றொடர்தான் இருந்தது. ஓட்டை அடைக்கிறவர்.

நான்கு மாதத்துக்கு முன்னால் வண்டிக்குப் பஞ்சுக் கழிவு ஏற்றும் வேலை கிடைத்தது. மில்லிலிருந்து மெத்தைக் கடைக்கு. ஒவ்வொரு நாளும் வண்டி வெள்ளையாக வீடு வந்தது. கணவன் ஒவ்வொரு நாளும் முன்னால் நின்று குழாயை அடித்தான். முதல் வாரமே அவள் சொன்னாள்.

"முன்னாடியிருந்து அடிக்காதீங்க. ஏசி வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருக்கு. பஞ்செல்லாம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். பின்னாடியிருந்து அடிக்கணும். என்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிய தள்ளற மாதிரி."

வாசலில் மாமனாரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் சொன்னார்:

"பின்னாடி கழுவறதுக்கு ஒரு இடம் இருக்கும்மா. அது வீட்டுக்குள்ள இருக்கு. காலைல போய்க் கழுவிக்க."

கூட்டாளிகள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கணவன். சிரிப்பில் குழாய் அவன் கையிலிருந்து நழுவிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அப்பாவும் மகனும் தூங்கும்போது, அவள் வண்டியின் முகப்பைத் திறந்து, மேல் அட்டையைக் கழற்றி, இடது மூலையில் அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. மெத்தை போல இருந்தது. முகப்பை மூடிவிட்டு உள்ளே வந்து துணி மடித்தாள்.

பன்னிரண்டே காலுக்கு மேடு தொடங்கியது. ஒன்பது கிலோமீட்டர். மரம் கிடையாது. ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் தடுப்புக் கல். பாறையிலிருந்து அனல் திரும்பி அடித்தது.

இரண்டாவது வளைவில் வண்டி முனகியது. கணவன் கியரைக் குறைக்கப் போனான்.

"எதுக்கு?" என்றார் மாமனார். "இழுக்குது பாரு. விடு."

"திணறுதுப்பா."

"மனுஷன் மேடு ஏறினா திணற மாட்டானா? மிதி."

மிதித்தான். வண்டி குறைந்த என்ஜின் சுற்றில் உறுமிக்கொண்டு ஏறியது. முள் நடுவிலிருந்து அசைந்தது. அவள் பின்சீட்டிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடு. இன்னொரு கோடு. மூன்று வாரம் அவள் இதற்காகக் காத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. காத்திருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்க நேரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவளுக்கும் சோறு போடுவது அதே வண்டிதான்.

"ஏசிய நிறுத்துங்க" என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

"ஏங்க. முள்ளப் பாருங்க. ஏசிய நிறுத்திட்டு ஹீட்டர முழுசாப் போடுங்க. கண்ணாடிய எறக்குங்க. ரெண்டாவது கியருக்கு வாங்க. சுத்து ஏறினாத்தான் தண்ணி ஓடும், ஃபேனும் இழுக்கும்."

மாமனார் முதல் முறையாகத் திரும்பினார். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"என்ன போடணும்?"

"ஹீட்டர்."

"டேய், கேட்டியா? உன் பொண்டாட்டிக்குக் குளிருதாம்."

கணவன் சிரித்தான். பழக்கம்.

"என்ஜின் சூட்ட உள்ள வாங்கிக்கும் மாமா. அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான்."

"உங்கப்பன் கடையில குளிர்காலத்துல வண்டி வந்தா ஐஸ் வைக்கச் சொல்லுவாரா?"

"நீங்க ஓட்டின வண்டியெல்லாம் எங்க கடைக்கு வராது மாமா. நேரா லேத்துக்குத்தான் போகும்."

மாமனாரின் முகத்திலிருந்து சந்தோஷம் போயிற்று. "வாய மூடிக்கிட்டு வரச் சொல்லுடா. கட்டை போடத்தான கூட்டிட்டு வந்தோம்? கட்டை மாதிரி உக்காரச் சொல்லு."

நான்காவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தது. கணவன் வண்டியை ஓரம் கட்டினான். ஓரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாறைக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் அகலம்.

"ஆஃப் பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தாள். தார் செருப்பை இழுத்தது. டிரெய்லரின் பின்பக்கம் ஓடி, குனிந்து, ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டை, மறுபக்கம் ஒரு கட்டை. கையால் அடித்து இறுக்கினாள். அவள் குனிந்திருக்கும்போதே என்ஜின் நின்றது. மாமனார் அணைக்கச் சொல்லியிருப்பார். ஓடிக்கொண்டிருந்தாலாவது ஃபேன் சுற்றியிருக்கும், தண்ணீர் ஓடியிருக்கும். நின்ற என்ஜினுக்குள் சூடு போக வழி இல்லாமல் ஏறும்.

முகப்பு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து கத்தினாள். "மூடியத் தொடாதீங்க!"

அவன் ரேடியேட்டர் மூடியை ஈரத்துணி வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியும் என்று நினைத்தான். துணி வைத்தால் போதும் என்று நினைத்தான்.

கொதிநீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவன் அலறவில்லை. கால் மிதிபட்ட நாய் போல ஒரு சின்னச் சத்தம் போட்டு, பாறைமேல் சாய்ந்தான். வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிவந்து வெளுத்தது.

அவள் பையை எடுத்து வந்தாள். அவனை வண்டியின் நிழலில் உட்கார வைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கையின்மேல் மெல்லிசாக ஊற்றத் தொடங்கினாள். நிறுத்தவில்லை. முதல் பாட்டில் தீர்ந்தது. இரண்டாவதைத் திறந்தாள்.

"தண்ணிய வீணாக்காத" என்றார் மாமனார். "கிரீஸ் தடவு. எரிச்சல் அடங்கிடும்."

"உங்க மகனுக்கு ஊத்தறேன். வீணா?"

"வண்டிக்குத் தண்ணி வேணாமா?"

"வண்டிக்குக் கேன்ல இருக்கு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மாமனார் பின்தொட்டிக்குப் போய் இருபது லிட்டர் கேனை இறக்கினார். அது தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது, தண்ணீர் குளிர்ந்திருந்தது. நீராவி கக்கும் என்ஜினை நோக்கி அதை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"ஊத்தத்தான். என்ஜின் மேலயும் கொஞ்சம் விடணும். சட்டுனு ஆறும்."

"மாமா, வெடிச்சிடும். ஹெட் வெடிச்சிடும். கொதிக்கிற இரும்புல பச்சத் தண்ணி ஊத்தினா அத்தோட போச்சு."

"முப்பத்தொரு வருஷம்..."

"கார்!" என்றாள். "கார் ஓட்டினீங்க. ஒரு ஆள வச்சு."

அவர் கேனைத் தூக்கினார். அவள் பாட்டிலைக் கணவனின் இடது கையில் திணித்துவிட்டு எழுந்து வந்து, கேனின் மறு கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அறுபத்தெட்டு வயசு ஆள். கேன் கீழே வந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்தாள்.

மாமனார் நின்றார். மருமகளைத் தொட்டு இழுக்க அவரால் முடியாது. நாறும், ஓட்டை, கழுவு என்று எதை வேண்டுமானாலும் அவளிடம் பேசலாம். தொடக் கூடாது. அவருடைய பண்பாடு அங்கே இருந்தது.

"எந்திரி."

"மாட்டேன்."

"டேய், இவள எந்திரிக்கச் சொல்லு."

கணவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றான்.

கல் ஏற்றிய லாரி ஒன்று அவர்களை ஒட்டி ஏறிப் போனது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டி, பளபளக்கும் வண்டியையும் தொப்பியையும் கேன்மேல் உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்தான்.

"என்ன பெருசு, பிக்னிக்கா?"

மாமனார் அவனை நோக்கி ஏதோ கத்தினார். லாரியின் புகைதான் பதிலாக வந்தது.

ஒரு மணி நேரம் அப்படிப் போனது. அவள் எழவில்லை. வெயில் தலைக்கு நேராக இருந்தது. கேனின் பிளாஸ்டிக் கீழே இளகி, தண்ணீரும் இதமாகச் சூடேறியது. அதுவும் நல்லதுதான். அவள் பையைத் திறந்து முட்டையை உரித்தாள். ஒன்றைக் கணவனுக்கு ஊட்டினாள். அவனால் கையைத் தூக்க முடியவில்லை. இன்னொன்றை மாமனார் பக்கம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினார். அவள் அதைத் தானே தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து, அவள் பக்கம் பார்க்காமல், ரொட்டியை எடுத்துக்கொண்டு போய் டிரெய்லருக்குப் பின்னால் நின்று தின்றார்.

என்ஜின்மேல் கை வைக்க முடிந்தபோது அவள் எழுந்தாள்.

"இனிமே ஊத்தலாமா மேடம்?" என்றார் மாமனார்.

"இல்ல."

முகப்பின் மேல்பக்கம் இருந்த பிளாஸ்டிக் அட்டையின் நான்கு பொத்தான்களை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். கண்ணாடி துடைக்கும் வைப்பர் ஒன்றைப் பிடுங்கி, ரப்பருக்குள் இருந்த மெல்லிய எஃகுப் பட்டையை உருவினாள். அதன் முனையை மடக்கிக் கொக்கி செய்தாள். அட்டை இருந்த இடத்தில் கையை விட்டாள். தேடவில்லை. இடது மூலை, மேலிருந்து ஒரு விரல் ஆழம். கொக்கியைக் கீழே விட்டு இழுத்தாள்.

வந்தது. சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம், விரல் தடிமன். தண்ணீர் அடித்து அடித்து இறுகிய பஞ்சு. கம்பளித் துண்டு போல இருந்தது. அதைத் தார்மேல் போட்டாள். மறுபடி இழுத்தாள். இன்னொன்று. எட்டு, ஒன்பது துண்டு. பிறகு எண்ணும்படி வரவில்லை, கொத்துக் கொத்தாக வந்தது. முன்பக்கத்துப் பளபளப்புக்குப் பின்னால் அந்த ரேடியேட்டர் நாலு மாதமாகப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

மாமனார் ஒரு துண்டைக் காலால் புரட்டினார்.

"மில்லுக்காரன் கவனமில்லாம ஏத்தியிருக்கான்" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: "வண்டி செஞ்சவன் மேலயும் தப்பு இருக்கு. அந்த இடத்துல எவனாவது சந்து விடுவானா?"

கணவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரத்தில் இடைவெளி தெரிந்தது. அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது. அவள் என்ஜினை ஓட விட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ரேடியேட்டர் வாயில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஒரு டம்ளர் அளவு. நிறுத்துவாள். இன்னொரு டம்ளர். கேன் அரைக்கு மேல் காலியானபோது தண்ணீர் வாய் வரைக்கும் வந்தது.

குனிந்து அதைப் பார்த்தாள்.

ஹெட் வெடித்திருந்தால் என்ஜினின் காற்று தண்ணீருக்குள் வரும். நிற்காமல் குமிழி வரும். அப்படி வந்தால் இரும்புக்கடைதான். கணவனும் எழுந்து வந்து பக்கத்தில் குனிந்தான். மாமனாரும் வந்தார். மூன்று தலைகள் ஒரு சின்ன ஓட்டைக்கு மேல் கவிந்தன.

ஒரு குமிழி வந்தது. பெரிசு. உடைந்தது.

இன்னொன்று.

"போச்சா?" என்றான் கணவன்.

"பேசாதீங்க."

மூன்று சின்னக் குமிழிகள் வரிசையாக. பிறகு ஒன்று. அவள் என்ஜின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். மாமனார் போய் ஏற்றினார். அன்றைக்கு அதுவரை அவர் செய்த ஒரே வேலை. தண்ணீர் நடுங்கியது, சுழன்றது. குமிழி இல்லை. அவள் அறுபது வரை எண்ணினாள். இல்லை. மறுபடி அறுபது.

"மாட்டியிருந்த காத்துதான்" என்றாள். "ஹெட் போகல."

கணவன் வண்டியின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். மெருகில் அவன் முகம் தெரிந்தது. மாமனார் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.

"நான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு."

அவள் மூடியைத் திருகினாள். கணவனால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அவள் ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள்.

"இவ ஓட்டற வண்டியில நான் வர மாட்டேன்" என்றார் மாமனார்.

"சரி மாமா. கட்டைய எடுத்துட்டுப் பின்னாடியே நடந்து வாங்க. எங்கயாவது நின்னா போடறதுக்கு ஆள் வேணும்."

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். ஐந்து கிலோமீட்டர் பாக்கி. அவரே போய்க் கட்டைகளை உருவிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினார்.

ஏசி இல்லை. கண்ணாடிகள் எல்லாம் கீழே. ஹீட்டர் அடுப்பு போல ஊதியது. இரண்டாவது கியர், மணிக்கு இருபத்தைந்து. சுற்று கூட இருந்தது, ஃபேன் இரைந்தது, முள் நடுவில் நின்றது. அது ஒரு கோடு ஏறினால் அவள் காலைக் கொஞ்சம் எடுத்தாள். இறங்கினால் கொஞ்சம் கொடுத்தாள். வேறு எதையும் செய்யவில்லை.

"மனுஷன வேக வைக்கறா" என்றார் மாமனார் பின்னாலிருந்து.

"என்ஜின விட நீங்க ஒண்ணும் ஒசத்தி இல்ல மாமா."

"பாரு எப்படிப் பேசறான்னு. டேய்."

கணவன் முன்சீட்டில் கையை மடிமேல் விரித்து வைத்திருந்தான். அது கொப்பளித்திருந்தது. அவன் திரும்பவில்லை.

மூன்றேமுக்காலுக்கு மேலே வந்தார்கள். சுரங்க வேலை நடக்கும் இடம். தகரக் கொட்டகை, மண் குவியல்கள், சும்மா நின்றுகொண்டிருந்த இருபது ஆட்கள். சூப்பர்வைசர் கையில் போனோடு வந்தார்.

"ஒன்பது மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க. இருபது பேரு காலைலேர்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்."

மாமனார் அதற்குள் இறங்கிவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொப்பி நேராக இருந்தது.

"வழியில லேசா சூடாயிடுச்சு சார். வேற எவனா இருந்தாலும் என்ஜின அங்கயே சாகடிச்சிருப்பான். நான் கூட இருந்ததால ஆச்சு. சுமை இழுக்கறதுன்னா சும்மாவா?"

சூப்பர்வைசர் ஓட்டும் சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்குக் கம்ப்ரஸர் வந்தால் போதும். ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு டிரெய்லர் பக்கம் போனார். மாமனார் கையை நீட்டி நீட்டி அவர்களுக்கு எப்படிக் கழற்றுவது என்று சொல்லத் தொடங்கினார். அவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

அவள் என்ஜினை அணைக்கவில்லை. ஏறி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனும் இறங்கவில்லை.

"வலிக்குதா?" என்றாள். "கீழ போனதும் டாக்டர்கிட்டப் போயிடலாம்."

அவன் தலையசைத்தான். கொஞ்ச நேரம் வெளியே அப்பாவைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"அட்டையக் கழட்டினதும் உன் கை நேரா அந்த மூலைக்குத்தான் போச்சு" என்றான். "தேடவேயில்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

முள் ஒரு கோடு இறங்கியது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"